பட்டப்படிப்பு விதி மாறினால் யாரைக் கேட்பது?

கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே ஒரு குழப்பம் சுற்றும். சீனியர் படித்த பேப்பர் நமக்கு இல்லை. அவர்களுக்கு இல்லாத திறன் பயிற்சிப் பாடம் நமக்கு வந்திருக்கிறது, அதற்குக் கிரெடிட்டும் (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) உண்டு. யார் மாற்றினார்கள் என்று கேட்டால் துறைத் தலைவர் "யுனிவர்சிட்டி" என்பார். பல்கலைக்கழக அலுவலகத்தில் "கவர்ன்மென்ட் ஆர்டர்" என்பார்கள். செய்தித்தாளில் "யு.ஜி.சி.", அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, என்று போட்டிருக்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் ஒரு பட்டத்துக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்பது முறைப்படி முடிவாவது ஆசிரியர்கள் உட்காரும் குழுக்களில்தான். அந்தக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன, அங்கே மாணவருக்கு என்ன இடம் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பட்டத்தின் சட்டகம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புகள் ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி 1 தமிழ், அல்லது மாணவர் தேர்ந்தெடுக்கும் வேறு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-இல் முதன்மைப் பாடம், அலைடு என்னும் துணைப்பாடம், எலெக்டிவ் என்னும் விருப்பப் பாடம். பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, மென்திறன் போன்றவை. பள்ளியில் தமிழே படிக்காமல் வந்தவர்கள் அடிப்படைத் தமிழ் படிப்பதும் இதில்தான். பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு. எல்லாம் சேர்ந்து வழக்கமாக 140 கிரெடிட். யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகமோ மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120, நான்காண்டுக்கு 160 என்கிறது. இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பல்கலைக்கழகம் போட்டிருக்கும் எண்தான்.

இதில் சுற்றுச்சூழல் கல்வி வந்த வழியே தனி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் யு.ஜி.சி. அதை எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயமாக்கியது. ஆக, ஒரு பாடம் நீதிமன்றத்திலிருந்தும் வரலாம், டெல்லியிலிருந்தும் வரலாம், சென்னையிலிருந்தும் வரலாம். எங்கிருந்து வந்தாலும் பல்கலைக்கழகத்துக் குழுக்கள் வழியாகத்தான் உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு வந்து சேரும்.

போர்டில் என்ன நடக்கிறது

முதல் குழுவின் பெயர் பாடத்திட்டக் குழு. ஆசிரியர்கள் 'போர்டு' என்றே சொல்வார்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒன்று உண்டு. பேப்பரின் பெயர், ஐந்து யூனிட்டில் என்ன வரும், வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை கிரெடிட், எந்தப் புத்தகம், வினாத்தாள் அமைப்பு எப்படி என்பதெல்லாம் இங்கேதான் எழுதப்படுகிறது. மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறியதும் அது அகாடமிக் கவுன்சில் என்னும் கல்விக் குழுவுக்குப் போகும். துணைவேந்தர் தலைமையில் துறைத் தலைவர்கள், கல்லூரி முதல்வர்கள், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் எல்லாம் அதில் இருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம் விதி இயற்றும் வேலையை மூன்றாகப் பிரிக்கிறது: ஸ்டாட்யூட் இயற்றுவது செனட், ஆர்டினன்ஸ் இயற்றுவது சிண்டிகேட், ரெகுலேஷன் இயற்றுவது அகாடமிக் கவுன்சில். மாணவர்கள் தினமும் வாயில் வைத்துப் பேசும் ரெகுலேஷன் இந்த மூன்றாவதுதான். பணம், பணியிடம், நிர்வாகம் சிண்டிகேட்டின் பொறுப்பு. பட்ஜெட்டும் ஆண்டறிக்கையும் செனட்டுக்கு வரும்.

பெயரில் பெரியது அகாடமிக் கவுன்சில். ஆனால் ஒரு பாடத்தின் தலையெழுத்து போர்டிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் கருத்து. கவுன்சில் கூட்டத்தில் எல்லாத் துறைகளின் சிலபஸும் ஒரே நாளில் மேசைக்கு வரும். இயற்பியல் பேப்பரின் மூன்றாவது யூனிட்டில் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது.

போர்டில் உண்மையான சண்டை எதைப் பற்றி வரும்? அறிவியலைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ அல்ல, பெரும்பாலும் 30 மணி நேரத்தைப் பற்றி. நம் கல்லூரிகளில் ஆறு டே ஆர்டர் (வரிசை எண் போட்ட வகுப்பு நாள்), நாளுக்கு ஐந்து பீரியட், வாரத்துக்கு மொத்தம் 30. தமிழுக்கு ஆறு, ஆங்கிலத்துக்கு ஆறு கொடுத்தால் மீதி 18. அதற்குள்தான் முதன்மைப் பாடம், அலைடு, பகுதி 4, புதிதாக வரும் திறன் பாடம் எல்லாம் அடங்க வேண்டும். புதிதாக இரண்டு மணி நேரம் சேர்க்க வேண்டுமென்றால் எங்கேயோ இரண்டு மணி நேரத்தை வெட்டியாக வேண்டும்.

வெட்டினால் யாருக்கு வலிக்கும்? அந்தப் பேப்பரை நடத்துகிறவருக்கு. யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 14 மணி நேரமும் நேரடி வகுப்பு. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இந்த மணிக்கணக்கை வைத்துத்தான் பணியிடம் கேட்க முடியும். கணிதத் துறை வேதியியல் மாணவர்களுக்கு எடுக்கும் அலைடு பேப்பர் போனால், கணிதத் துறையில் ஒரு பணியிடமே ஆட்டம் காணலாம். மொழிப்பாடம் இரண்டு செமஸ்டரா நான்கா என்ற விவாதம் இவ்வளவு சூடாவதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமல்ல, இதுவும் காரணம். பழைய பேப்பர் ஒன்று ஏன் இன்னும் போகாமல் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கும் கேள்விக்கும் பாதி பதில் இங்கே இருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதை வெளிப்படையாகச் சொல்லாமல், 'பாடத்தின் தரம்' என்ற பெயரில் பேசும்போதுதான் மாணவருக்கு நஷ்டம்.

தன்னாட்சிக் கல்லூரியில் இருந்தால்

சென்னையில் லயோலா, கிறித்துவக் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி ஆகியவை 1978-இலேயே தன்னாட்சி பெற்றவை. நாட்டில் இந்த முறை தொடங்கியபோதே வந்தவை என்று சொல்லலாம். இத்தகைய கல்லூரிகளில் போர்டும் அகாடமிக் கவுன்சிலும் கல்லூரிக்குள்ளேயே இருக்கும். சிலபஸ் அவர்களுடையது, தேர்வு அவர்களுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது.

இங்கே யார் போர்டில் இருக்க வேண்டும் என்பதை யு.ஜி.சி. விதியே சொல்கிறது. துறைத் தலைவர்தான் தலைவர். துறையின் ஆசிரியர்கள் உறுப்பினர்கள். வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்களை அகாடமிக் கவுன்சில் நியமிக்கும். துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர். இந்தப் பட்டியலில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் கிடையாது. இது சரியில்லை. மூன்று வருடம் அந்தப் பேப்பர்களைப் படிக்கப் போகிறவர் அறைக்கு வெளியே நிற்கிறார். பாடத்திட்டத்தைப் பற்றி மாணவர்கள், ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், வேலை கொடுப்போர் ஆகியோரிடம் கருத்துக் கேட்டதைக் கல்லூரி காட்ட வேண்டும் என்று, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் இருக்கிறது. அதற்காகத்தான் செமஸ்டர் முடியும்போது ஃபீட்பேக் படிவம் வருகிறது. வாட்ஸப்பில் லிங்க் வந்ததும் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று அழுத்திவிட்டுப் போகாதீர்கள்.

மேலிருந்து வரும் மாற்றம்

கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைத்து நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலின் 66-ஆவது பதிவில் இருக்கிறது. ஒன்றியமும் மாநிலமும் இரண்டு பக்கமும் இழுப்பது இதனால்தான்.

நல்ல உதாரணம் 2023. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து, எல்லாக் கல்லூரிகளிலும் கொண்டுவர அரசு முனைந்தது. இதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஒரே பெயரில் பட்டம், ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி வேறு சிலபஸ் என்றால், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் தவிப்பார். அரசு வேலைக்குப் போகும்போது 'இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானதல்ல' என்று சொல்லிக் கதவை மூடிவிடுவார்கள். இணைத்தன்மைக்காக அரசாணை தேடி அலைந்த பட்டதாரிகளுக்கு அந்த வலி தெரியும். மறுபக்கம், தன்னாட்சிக் கல்லூரிகள் கேட்டதும் நியாயமே: சிலபஸை நாங்கள் எழுத முடியாதென்றால் தன்னாட்சி எதற்கு? அப்போது ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுத, விஷயம் அரசியலாகவும் ஆனது. கடைசியில் தன்னாட்சிக் கல்லூரிகளுக்குக் கட்டாயமில்லை என்று அப்போதைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி தெரிவித்தார்.

தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' பாடங்களும் மேலிருந்து வந்தவையே. 2022 மார்ச்சில் திட்டம் தொடங்கியது, அப்புறம் கிரெடிட்டோடு சிலபஸுக்குள் வந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரண்டு பேப்பர்கள் 2022–23-இல் சேர்ந்தவர்களிலிருந்து பொறியியலுக்கு வந்தன. அவை நுழைந்தது ஏற்கெனவே நடப்பில் இருந்த 2021 ரெகுலேஷனுக்குள். ரெகுலேஷனின் ஆண்டு ஒன்றாக இருந்தாலும், நீங்கள் சேர்ந்த ஆண்டைப் பொறுத்துத் தேவை மாறலாம் என்பதற்கு இது சான்று.

அவசரப்பட்டால் என்ன ஆகும்

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2012 டிசம்பர் கடைசியில், துணைவேந்தர் தினேஷ் சிங் காலத்தில், நான்காண்டு இளநிலைப் படிப்பு அகாடமிக் கவுன்சிலில் நிறைவேறியது. சில உறுப்பினர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஜூலையிலேயே வகுப்பு தொடங்கியது. எல்லா மாணவருக்கும் 11 அடிப்படைப் பேப்பர்கள் கட்டாயம். இரண்டு வருடத்தில் விலகினால் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். அத்தனை துறைகளும் சில மாதங்களுக்குள் சிலபஸை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் சங்கமும் மாணவர்களும் தெருவில் நின்றார்கள்.

2014-இல் மத்தியில் ஆட்சி மாறியது. ஜூன் மாதம் யு.ஜி.சி. அதைக் கைவிடச் சொன்னது. 10+2+3 (பள்ளி 12 ஆண்டு, பட்டம் 3 ஆண்டு) என்ற தேசியக் கொள்கைக்கு அது முரண் என்றது. ஜூன் முடிவதற்குள் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே ஒரு வருடம் படித்து முடித்திருந்த மாணவர்களை மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றினார்கள். பி.டெக். என்று சேர்ந்தவர்களை மட்டும் நான்காண்டு முடிக்க விட்டார்கள். எட்டு வருடம் கழித்து, 2022-இல், புதிய கல்விக் கொள்கையின் பெயரில் அதே பல்கலைக்கழகத்துக்கு நான்காண்டுப் படிப்பு வேறு வடிவில் திரும்பியும் வந்தது.

நான்காண்டு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். போர்டில் ஆற அமரப் பேசி, ஆசிரியர்களில் பெரும்பாலோர் மனமொப்பி ஏற்றிருந்தால், ஒரு கடிதத்தில் அதைக் கலைப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. கொண்டுவந்தபோதும் மேலிருந்து வந்தது, எடுத்தபோதும் மேலிருந்து எடுத்தார்கள். நடுவில் அகப்பட்டது 2013-இல் சேர்ந்த பிள்ளைகள்.

மாணவர் கையில் இருப்பவை

உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த கல்வியாண்டின் ரெகுலேஷன். அதன் முதல் பக்கத்திலேயே 'இந்த ஆண்டு முதல் சேர்வோருக்கு' என்று போட்டிருக்கும். அந்தக் கோப்பைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்துத் தேடினால் அங்கே புதியது மட்டும்தான் இருக்கும்.

அரியர் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கங்களில் வரும் இடைக்கால ஏற்பாடு என்ற பிரிவு. சிலபஸ் மாறினாலும் பழைய மாணவர்கள் இன்னும் இரண்டு அல்லது மூன்று ஆண்டு பழைய சிலபஸிலேயே எழுதலாம் என்று அதில் இருக்கும். அந்தக் கெடு முடிந்தால் அப்போது நடப்பில் உள்ள விதிப்படி எழுத வேண்டும், அதாவது புதிய சிலபஸில் அதற்குச் சமமான பேப்பரை. கெடு முடிவது தெரியாமல் பழைய நோட்ஸைப் படித்துவிட்டுத் தேர்வறையில் திகைப்பது அடிக்கடி நடக்கிறது. நடுவில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பச் சேர்கிறவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல்: சேரும் வகுப்பு புதிய ரெகுலேஷனில் இருந்தால், விடுபட்ட பேப்பர்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். எவை என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை பிறகு உதவாது.

உங்கள் பேப்பர் ஏன் மாறியது, எந்தக் கூட்டத்தில் மாறியது என்று தெரிய வேண்டுமா? அரசுப் பல்கலைக்கழகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. 10 ரூபாய் கட்டணம், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியே மனு போடலாம். பதில் தர 30 நாள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன துறையின் பாடத்திட்டக் குழு, இன்ன ஆண்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். அகாடமிக் கவுன்சிலின் மினிட்ஸையும் அதே மனுவில் கேட்கலாம்.

மாற்றம் வேண்டும் என்று நினைத்தால் போகவேண்டிய இடம், தன்னாட்சிக் கல்லூரியில் உங்கள் துறைத் தலைவர், ஏனென்றால் போர்டின் தலைவரே அவர்தான். பல்கலைக்கழக சிலபஸையே பின்பற்றும் இணைப்புக் கல்லூரியில் படித்தால் உங்கள் ஆசிரியர்களில் யாராவது பல்கலைக்கழகப் போர்டில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் போர்டின் தலைவருக்கே எழுதலாம். பேப்பரின் கோட், யூனிட் எண், என்ன மாற வேண்டும், அதற்கான மணி நேரத்தை எந்தப் பேப்பரிலிருந்து எடுக்கலாம் என்பது வரை ஒரே பக்கத்தில் எழுதி, வகுப்பில் கையெழுத்தும் வாங்குங்கள். ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக்கான சிலபஸ் அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே முடிவாகிவிடும். ஆகவே கடிதம் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தால் நல்லது.