மூளையின் சிக்னலா, தோலின் சிக்னலா?

கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, அதன் மேல் விரல் நுனியை அழுத்தி வையுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளிதான். அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிக்கொண்டு, சிவப்புக்கு மட்டும் வழிவிடுகிறது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக்குப் போனால் ஒளி இன்னும் ஆழமாக இறங்கும். சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரை ரத்தமும் தண்ணீரும் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. இந்த ஒளி மண்டையோட்டை ஊடுருவும், அதை வைத்து மூளையின் ஆக்சிஜன் நிலையைக் கண்காணிக்கலாம் என்று 1977இல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அண்மை அகச்சிவப்பு ஒளியால் மூளையின் செயல்பாட்டை அளக்கும், இன்று எஃப்நிர்ஸ் (fNIRS) என்று அழைக்கப்படும் முறை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

தலையில் ஒரு தொப்பி. அதில் ஓர் இடத்தில் ஒளி உள்ளே போகிறது, சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்சார் திரும்பி வரும் ஒளியைப் பிடிக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் ஒளியை வேறுவேறு விதமாக உறிஞ்சும் என்பதால், 760, 850 நானோமீட்டர் போல இரண்டு அலைநீளங்களில் அளந்தால் இரண்டின் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியே கணக்கிடலாம். மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். முதல் வகை ஏறும், இரண்டாவது வகை இறங்கும். இந்த மாற்றம் உச்சத்தைத் தொட 5, 6 நொடிகள் ஆகும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த ஒளி தலைத்தோலை இரண்டு முறை கடக்கிறது: போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. தோலிலும் ரத்தம் ஓடுகிறது. நாம் தேடும் மூளையின் மாற்றமோ மிகச் சிறியது, சென்சாருக்கு வந்து சேரும் ஒளியில் பெரும்பாலும் சில சதவீதத்தைக்கூடத் தாண்டாது. எனவே சென்சாரின் பதிவாகக் கையில் கிடைக்கும் கோட்டில் மூளை எது, மற்றது எது என்று பிரிப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது.

திரையில் ஓடும் ஒரு நிமிடப் பதிவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். முதலில் கண்ணில் படுவது ரம்பப் பற்கள்போல வரிசையாக வரும் சிறு முனைகள். நிமிடத்துக்கு 70 வீதம் வரும் அவை இதயத் துடிப்புகள். அந்தப் பற்கள் எல்லாம் மெதுவாக மேலும் கீழும் மிதக்கின்றன. நான்கு, ஐந்து நொடிக்கு ஒரு முறை மிதப்பது மூச்சு. அதற்கும் அடியில், ஏறக்குறைய 10 நொடிக்கு ஒரு முறை எழும் அகலமான அலை ரத்த அழுத்தம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்போது உண்டாவது. அதற்கு மேயர் அலை என்று பெயர். நடுவில் ஓர் இடத்தில் கோடு திடீரென வானத்துக்குத் தாவி விழுகிறது. தொப்பி அணிந்தவர் அந்த நொடியில் இருமியிருப்பார், அல்லது புருவத்தை உயர்த்தியிருப்பார்.

இதயத் துடிப்பை நீக்குவது இவற்றில் எளிது. அது நாம் தேடும் மாற்றத்தைவிட மிக வேகமானது, ஒரு சாதாரண ஃபில்டரே அதை வெட்டிவிடும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டு அலைநீளங்களிலும் துடிப்பு தெளிவாக, ஒன்றாகத் தெரிந்தால் சென்சார் தோலில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அடர்ந்த முடி குறுக்கே நிற்கிறது, முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். ஒழுங்காக ஒட்டாத சென்சாரின் பதிவை அப்புறம் எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.

இன்னொரு பொறியும் உண்டு. நொடிக்கு ஒரே ஒரு முறை அளக்கும் கருவியில், நொடிக்கு 1.1 முறை துடிக்கும் இதயம் 10 நொடிக்கு ஒரு முறை வரும் மெல்லிய அலையாக வேடமிட்டுத் தோன்றும். அதாவது, மூளையின் மாற்றம் இருக்கும் அதே வட்டாரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஃபில்டர் போட்டுப் பயனில்லை. நொடிக்கு 10 முறை போல அளந்தால் இந்தத் தொல்லை வராது.

அசைவால் வரும் தாவல்களுக்குப் பல வைத்தியங்கள் இருக்கின்றன. தாவிய துண்டை மட்டும் அடையாளம் கண்டு, வளைகோட்டைப் பொருத்திக் கழிப்பது ஒன்று. சிக்னலை வேவ்லெட் என்னும் குட்டி அலைகளாகப் பிரித்து, இயல்புக்கு மீறிப் பெரிதானவற்றை நீக்குவது இன்னொன்று. கெட்டுப்போன பகுதியை அப்படியே தூக்கி எறியலாம்தான். ஆனால் கைக்குழந்தைகளிடம் எடுத்த பதிவில் அப்படி எறிந்துகொண்டே போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே திருத்துவதே மேல்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, சுத்தமாகத் தெரியும் அழுக்கு. ஒருவரிடம் மனக்கணக்கு போடச் சொல்கிறோம். கொஞ்சம் பதற்றம், இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, நெற்றித் தோலில் ரத்தம் கூடுகிறது. கணக்கு முடிந்ததும் எல்லாம் தணிகிறது. நெற்றியில் வைத்த சென்சார் இதைப் பார்த்துவிட்டு, கணக்கு போடும்போதெல்லாம் ஆக்சிஜன் ஏறுகிறது என்று அழகான வளைவைக் காட்டும். மூளை ஒன்றுமே செய்யாவிட்டாலும் காட்டும். இதற்கு ஃபில்டர் உதவாது, ஏனென்றால் தோலின் மாற்றமும் மூளையின் மாற்றமும் ஒரே வேகத்தில் வருகின்றன. 20 முறை செய்து சராசரி எடுத்தாலும் உதவாது. தோலும் ஒவ்வொரு முறையும் கணக்கோடு சேர்ந்தே ஏறுவதால், சராசரி அதை இன்னும் தெளிவாக்கிக் கொடுக்கும்.

இதற்குக் கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒளி எவ்வளவு ஆழம் போய்த் திரும்பும் என்பதைச் சென்சாரின் தூரம்தான் தீர்மானிக்கிறது. 3 சென்டிமீட்டரில் வைத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொடும். 8 மில்லிமீட்டரில் வைத்தால் தோலையும் எலும்பையும் மட்டும் உரசிவிட்டு வந்துவிடும். ஆக, நீண்ட தூரச் சென்சாருக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டைத் தூரச் சென்சாரும் இருந்தால், ஒன்று மூளையும் தோலும் கலந்ததைத் தரும், மற்றது தோலை மட்டும் தரும். இரைச்சலை, அதாவது மூளையிலிருந்து வராத மாற்றத்தை, ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, அளந்தே எடுத்துவிடலாம்.

சரி, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதுமா? போதாது. தோலின் பங்கு இரண்டு பதிவிலும் ஒரே அளவில் இருக்காது. எத்தனை மடங்கு கழிக்க வேண்டும் என்பதைத் தரவுகளிலிருந்தே பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் முதலில் தோலைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் மூளையைத் தேடினால் ஆபத்து. இரண்டும் சேர்ந்து ஏறும்போது மூளைக்குச் சேர வேண்டியதையும் தோல் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் ஒரே சமன்பாட்டில் மூளையின் எதிர்பார்க்கும் வளைவு, குட்டைத் தூரச் சிக்னல், நேரம் போகப் போகக் கோடு மெல்ல நகர்வது எல்லாவற்றையும் வைத்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரே நேரத்தில் பிரிக்கிறார்கள். தலைத்தோலின் ரத்த ஓட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இராது என்பதால், குட்டைச் சென்சார் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

பாதி வேலையைப் பதிவுக்கு முன்னாலேயே முடித்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 5 நொடி வேலை, 5 நொடி ஓய்வு என்று மாறி மாறிக் கொடுத்தால், அந்தச் சுழற்சி 10 நொடிக்கு ஒரு முறை வரும் மேயர் அலையின் மேலேயே போய் விழும். பிறகு இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ஓய்வு நேரத்தை ஒவ்வொரு முறையும் கூட்டிக் குறைத்தால் அந்த ஒத்திசைவு உடைந்துவிடும்.

அளவுக்கு மீறித் துடைத்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அளவு தெரிந்த ஒரு போலி மூளை வளைவை, குறித்த நேரங்களில் நீங்களே கலந்துவிடுங்கள். சுத்தப்படுத்தும் முறை முழுவதையும் அதன் மேல் ஓட்டுங்கள். கலந்ததில் பாதிதான் திரும்பி வந்தது என்றால், மறுபாதியை இரைச்சலோடு சேர்த்து நாமே துடைத்திருக்கிறோம். அப்புறம் எதையும் கலக்காத அதே பதிவை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஒரு வளைவு எழுந்து நின்றால், உண்மையான பதிவைத் தொடுவதற்கு முன்னால் முறையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.