கான்ஃபரன்ஸ்: மாநாடா, கூட்டணியா?

அமெரிக்க விளையாட்டுச் செய்தி ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். “தென்கிழக்கு மாநாட்டில் வாண்டர்பில்ட் வெற்றி” என்று வந்தது. பந்தல் போட்டு, பேசி, தீர்மானம் நிறைவேற்றிக் கலைவதுதான் மாநாடு. அதில் எப்படி ஜெயிப்பது? செய்தி கல்லூரி பேஸ்பாலைப் பற்றியது, வாண்டர்பில்ட் ஒரு பல்கலைக்கழகம். அங்கே கான்ஃபரன்ஸ் என்றால், தங்களுக்குள் ஆடிக்கொள்வதற்காகச் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் கூட்டு.

செயலியை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தச் சொல் உண்மையிலேயே ஒரு கூட்டத்தில்தான் பிறந்தது. ‘ஒன்றாகக் கொண்டுவந்து வைப்பது’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையே அதன் வேர். 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். மாணவரே இல்லாதவர்களைக் காசு கொடுத்துக் கல்லூரி அணியில் இறக்கும் பழக்கம் அப்போது பெருகிக் கிடந்தது. அதற்குக் கடிவாளம் போடத்தான் கூட்டம். அடுத்த ஆண்டே அது நிலையான அமைப்பாகி, ஆசிரியப் பிரதிநிதிகளின் கான்ஃபரன்ஸ் என்று பெயர் பெற்றது. கூடியவர்கள் கலைந்து போனார்கள், கூட்டத்தின் பெயர் மட்டும் அணிகளோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய ‘பிக் டென்’ கான்ஃபரன்ஸ் அதுதான். (பெயரில் பத்து, இப்போது உறுப்பினர் 18.)

இப்படி நகர்வது சொற்களுக்குப் புதிதல்ல. குறளில் கழகம் என்பது சூதாடும் இடம், இன்று பல்கலைக்கழகம். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்களின் தொகுதி, அந்தத் தொகுதியின் சபைக்கும் அதே பெயர். கான்ஃபரன்ஸ் சபையிலிருந்து தொகுதிக்குப் போனது, அவ்வளவுதான்.

செயலி சொன்ன ‘தென்கிழக்கு’, எஸ்.இ.சி. எனப்படும் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ். பெரிதாகிவிட்ட சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து 13 கல்லூரிகள் பிரிந்து, 1932 டிசம்பரில் இதைத் தொடங்கின. பேஸ்பாலுக்கென்று தனிக் கோப்பைப் போட்டி 1977-இல்தான் வந்தது. மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டில் நான்கே அணிகள் ஆடின. உள்ளூர் அணியான ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர்) ஜெயித்தது. ஒரு முறை தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டாவது முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை ‘இரட்டை நீக்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘இரு தோல்வி முறை’ என்பதே பிடிக்கிறது, கேட்டவுடன் புரிகிறது.

1998-லிருந்து இந்தப் போட்டி அலபாமா மாநிலத்தின் ஹூவர் நகரில்தான் நடக்கிறது. ரசிகர்கள் “ஹூவருக்குப் போகிறோம்” என்றாலே இந்தப் போட்டி என்று பொருள். 2019-இல் அங்கே மிசிசிப்பி ஸ்டேட்டும் (இது ஓல் மிஸ் அல்ல, வேறு பல்கலைக்கழகம்) எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட்டும் மோதிய ஆட்டம் 9 இன்னிங்ஸில் முடியாமல் 17 வரை இழுத்து, விடிகாலை மூன்று மணிக்கு முடிந்தது. 6–5 என மிசிசிப்பி ஸ்டேட் வென்றது. 2020-இல் கொரோனாவால் போட்டியே இல்லை. 2024-இல் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் வந்து சேர, உறுப்பினர் 16 ஆயிற்று. 2025-இல் பதினாறு அணிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் இரு தோல்வி முறையைக் கைவிட்டு, தோற்றால் உடனே வெளியே என்று மாற்றிவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மண்டலம்’ என்று எழுதத் தோன்றும். நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தெற்கு மண்டலம் இருக்கிறதே. ஆனால் அது மேலே இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துப் பிரித்தது. கான்ஃபரன்ஸ் கல்லூரிகள் தாமாகச் சேர்வது, வசதிப்பட்டால் தாமாக விலகுவது. அட்லான்டிக் கரைப் பெயர் கொண்ட ஏ.சி.சி.யில் (அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) இன்று பசிபிக் பக்கத்து ஸ்டான்ஃபோர்டு இருக்கிறது. இதில் மண்டலம் எங்கே? ‘பிரிவு’ என்றால் கான்ஃபரன்ஸுக்கு உள்ளேயே கிழக்கு, மேற்கு என்று வைத்திருந்த டிவிஷனுக்கு வேறு சொல் தேட வேண்டும். ‘கூட்டமைப்பு’ தவறில்லை, ஆனால் நாட்டளவிலும் உலக அளவிலும் உள்ள விளையாட்டு அமைப்புகள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன.

என் ஓட்டு ‘கூட்டணி’க்குத்தான். சேர்க்கை, விலகல், தொலைக்காட்சிப் பணத்தில் பங்கு, பழைய கூட்டாளியைக் கழற்றிவிட்டுப் பெரிய இடத்துக்குத் தாவுதல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். டெக்சாஸ் ‘பிக் 12’ என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி.க்குப் போனதை ‘கூட்டணி மாறியது’ என்று சொன்னால், நம் ஊரில் யாருக்கும் அகராதி தேவைப்படாது.

அப்புறம் ‘டோர்னமென்ட்’. பத்திரிகைகள் ‘தொடர்’ என்று எழுதுகின்றன. கல்லூரி பேஸ்பாலில் இரு அணிகள் வார இறுதியில் அடுத்தடுத்து ஆடும் மூன்று ஆட்டங்களும் தொடர்தான். எனவே இங்கே ‘கோப்பைப் போட்டி’ என்பது குழப்பாது. சாம்பியனுக்கு ‘வாகையர்’ ஏற்கெனவே இருக்கிறது. வென்றவர் வாகைப்பூ சூடிய பழக்கத்தின் மிச்சம். ஆனால் எந்த வாகை என்று சொல்லிவிட வேண்டும். ஒரு பருவத்தின் 30 கூட்டணி ஆட்டங்களில் முதலிடம் பெறுவது ஒரு பட்டம், ஹூவரில் ஜெயிப்பது வேறு. 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி இடம் கிடைப்பது ஹூவரில் ஜெயிப்பவருக்கே.

செயலி கெடுத்த செய்தியை இப்போது திருப்பி எழுதலாம்: “2025 தென்கிழக்குக் கூட்டணியில் பருவப் பட்டம் டெக்சாஸுக்கு. ஹூவரில் நடந்த கூட்டணிக் கோப்பைப் போட்டியில், இறுதியாட்டத்தில் ஓல் மிஸ்ஸை 3–2 என வீழ்த்தி வாண்டர்பில்ட் வாகை சூடியது.”