வைரம் உள்ளேயா, வெளியேயா?

கூடலூரில் ஓர் ஆசாரியின் பட்டறை வாசலில் பலாக்கட்டை ஒன்றும் பாக்கு மரத் துண்டு ஒன்றும் கிடந்தன. பலாவின் வெட்டுமுகத்தில் நடுவே நல்ல மஞ்சள், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுப்பு. "அந்த வெள்ளையை நம்பாதீங்க, சீக்கிரம் உளுத்துடும். வைரம் மட்டும்தான் கணக்கு" என்றார் ஆசாரி. பாக்கில் எல்லாம் தலைகீழ். விளிம்பில் உளிக்கு எளிதில் மசியாத கறுத்த நார். நடுவில் விரலால் அழுத்தினாலே அமுங்கும் சோறு.

இந்த வித்தியாசத்தைச் சொல்ல நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு: அகக்காழ், புறக்காழ். காழ் என்றால் வைரம், அதாவது தண்டின் இறுகிய கெட்டிப் பகுதி. வெளியே வைரம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று பிரிக்கிறது தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி. அப்படிப் பார்த்தால் பனையும் பாக்கும் புல். அவ்வளவு உயரப் பனையைப் போய்ப் புல் என்பதா என்று பள்ளியில் சிரித்திருக்கிறோம். ஆனால் இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. பனையும் பாக்கும் வேறு குடும்பம் என்றாலும், புல்லைப் போலவே அவையும் ஒருவித்திலைத் தாவரங்கள்.

பலாவில் பட்டைக்குச் சற்று உள்ளே மெல்லிய வளரடுக்கு ஒன்று தண்டைச் சுற்றி ஓடுகிறது. அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் மரம் பருக்கிறது. புதிய கட்டை நீரை மேலேற்றும்; மாவுச்சத்தையும் சேர்த்து வைக்கும். பூச்சி தேடி வருவது அந்த மாவுக்குத்தான். உள்ளே தள்ளப்பட்ட பழைய கட்டையில் நீர்க்குழாய்கள் அடைபடும், செல்கள் சாகும், சாவதற்கு முன் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத பொருள்களை நிரப்பிவிடும். நிறம் வருவது அதனால்தான். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கும் வைரம், மரத்தின் செத்துப்போன பகுதி. நடு முழுக்கப் பொந்தாகிப்போன கிழ மரமும் தளிர் விடுவது இதனால்தான்.

பாக்கில் அந்த வளரடுக்கே கிடையாது. நீரும் உணவும் போகும் நார்க்கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன, ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் கலைந்து. வயது ஏற ஏற ஓரத்து நார்களின் சுவர் தடித்து இறுகுகிறது. மூங்கில் இன்னும் ஒருபடி மேல்: குருத்து மண்ணைக் கிழித்து வரும்போதே கிட்டத்தட்ட முழுப் பருமனோடு வருகிறது, பிறகு உயர்வதும் முற்றுவதும்தான்.

காயத்தில் இது பளிச்சென்று தெரியும். மரத்தின் பட்டையை வளையமாக உரித்து எடுத்தால் வேருக்கு உணவு போகாமல் மரம் பட்டுப்போகும். சிறிய வெட்டு என்றால் ஓரம் தடித்து மூடிக்கொள்ளும். தென்னையில் ஏறுவதற்குக் கொத்திய படி மூடவே மூடாது. மரமும் தன் பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கும்.

இந்த இலக்கணம் எல்லா இடத்திலும் செல்லாது. முருங்கையில் எங்கே வைரத்தைத் தேடுவது? ஓலை, மடல், ஈர்க்கு, குலை என்ற சொற்களை மரபியல் புல்லுக்குக் கொடுக்கிறது. தென்னைக்கு இன்றும் ஓலைதான். மூங்கிலுக்கு மட்டும் ஏனோ இலை என்கிறோம்.

ஊட்டிப் பக்கம் தோடர்களின் பழைய பாணிக் குடிசையைப் பார்த்தால், வளைத்த மூங்கில், கட்டிய பிரம்பு, மேலே வேய்ந்த புல். மூன்றுமே புறக்காழ். குனிந்து நுழையும் அந்தச் சின்ன வாசலை அடைக்கும் பலகையோ அகக்காழ்.