கை அறிந்த உருண்டையைக் கண் அறியுமா?

1688 ஜூலையில் டப்ளினிலிருந்து ஒரு கடிதம் கிளம்பியது. எழுதியவர் வில்லியம் மொலினியூ. ஒளியியலில் ஊறிய மனிதர். சில ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். அவருடைய மனைவி லூசி, திருமணமான கொஞ்ச காலத்திலேயே பார்வையை இழந்தவர். கடிதம் கேட்டது இதுதான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் இருக்கிறார். ஏறத்தாழ ஒரே அளவில் செய்த ஓர் உருண்டையையும் ஒரு கனசதுரத்தையும் தடவிப் பார்த்து, எது எது என்று சொல்லப் பழகியிருக்கிறார். வளர்ந்த பிறகு அவருக்குப் பார்வை கிடைக்கிறது. இரண்டும் மேசைமேல் இருக்கின்றன. தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து, இது உருண்டை, இது கனசதுரம் என்று அவரால் சொல்ல முடியுமா?

கடிதம் போய்ச் சேர வேண்டியது ஜான் லாக் என்ற ஆங்கில மருத்துவரிடம். அறிவு எங்கிருந்து வருகிறது என்று அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய நூலின் சுருக்கம் அப்போதுதான் பிரெஞ்சில் வெளியாகியிருந்தது. முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 1693-இல் மொலினியூ திரும்பவும் கேட்டார். இம்முறை லாக் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் கேள்வியைச் சேர்த்தார். முடியாது என்பதே இருவருடைய பதிலும்.

அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்னும் அனுபவவாதத் தத்துவத்தைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கேள்வியைத்தான். லாக், பெர்க்லி, ஹியூம் என்று பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் மூவரும் ஒரே பாட்டைப் பாடுவதுபோலத் தோன்றும். இந்தக் கேள்வியை முன்னால் வைத்துவிட்டால், அவர்கள் எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் லாக்கின் அடிப்படை. கடவுள், எண்கள், தர்க்க விதிகள் பற்றிய சில கருத்துகள் பிறக்கும்போதே நம் மனத்தில் பதிந்திருக்கின்றன என்று அன்று பலர் நம்பினார்கள். லாக் அதை மறுத்தார். மனம் தொடக்கத்தில் எழுத்தே இல்லாத வெள்ளைத் தாள் என்றார். அதில் எழுதப்படுவதெல்லாம் இரண்டு வழியாக வருகின்றன. ஒன்று, புலன்கள். மற்றொன்று, மனம் தன் வேலையைத் தானே கவனிப்பது: நினைப்பது, சந்தேகப்படுவது, விரும்புவது போன்றவை. இப்படி வரும் எளிய கருத்துகளைச் சேர்த்தும் ஒப்பிட்டும் பிரித்தும் மனம் மற்ற கருத்துகளை உருவாக்குகிறது. ஆனால் புத்தம் புதிதாக ஓர் எளிய கருத்தை அதனால் படைக்க முடியாது. அன்னாசிப்பழத்தைச் சுவைக்காதவருக்கு அதன் சுவை எப்படியிருக்கும் என்று வார்த்தையால் புரியவைக்க முடியாது என்பது லாக்கே தரும் உதாரணம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நிறமும் வெப்பமும் பொருளில் நாம் உணர்கிறபடியே இருப்பவை அல்ல என்றார் லாக். இதற்கு அவர் சொன்ன உதாரணத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கையை வெந்நீரிலும் இன்னொரு கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருங்கள். அப்புறம் இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். ஒரு கைக்கு அது குளிரும், இன்னொரு கைக்குச் சுடும். ஒரே தண்ணீர் சூடாகவும் குளிராகவும் இருக்க முடியாது. ஆக, அந்த உணர்வு தண்ணீருக்கும் நம் உடலுக்கும் இடையில் உண்டாவது. ஆனால் வடிவம் அப்படியில்லை என்று உடனே சேர்த்துச் சொல்கிறார். ஒரு கைக்கு உருண்டையாகப் பட்டது மறு கைக்குச் சதுரமாகப் படுவதில்லை. வடிவம் பொருளிலேயே இருக்கிறது. அதைக் கண்ணும் அறியும், கையும் அறியும்.

மொலினியூவின் கேள்வி லாக்கை மடக்குவது இந்த இடத்தில்தான். வடிவம் இரு புலன்களுக்கும் பொது என்றால், கை வழியாக வந்த உருண்டை என்ற கருத்தும் கண் வழியாக வரும் உருண்டை என்ற கருத்தும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் பார்வை பெற்றவருக்கு உடனே அடையாளம் தெரிய வேண்டாமா? லாக் முடியாது என்றதற்குக் காரணம் வேறு. கண்ணுக்குக் கிடைப்பது உருண்டையே அல்ல என்பது அவர் கருத்து. கிடைப்பது பல அளவில் நிழல் படிந்த ஒரு தட்டையான வட்டம் மட்டுமே. இப்படி நிழல் விழுந்தால் பொருள் புடைத்திருக்கும் என்று மனம் பழகியிருப்பதால், நமக்கே தெரியாமல் அந்த வட்டத்தை உருண்டையாக மாற்றிவிடுகிறது. நாம் பார்க்கிறோம் என்று நினைப்பதில் பெரும்பகுதி, கண் இமைக்கும் நேரத்தில் மனம் செய்துமுடித்த தீர்ப்பு. 17-ஆம் நூற்றாண்டில் ஒருவர் இதை எழுதினார் என்பது இன்றும் எனக்கு வியப்பு.

மொலினியூ படித்த அதே டிரினிட்டி கல்லூரியில் படித்த ஜார்ஜ் பெர்க்லி, 1709-இல் தன் 24-ஆவது வயதில் பார்வை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். லாக் பாதி வழியில் நின்றுவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. கண்ணுக்கும் கைக்கும் பொதுவான கருத்து ஒன்றுகூடக் கிடையாது. கண் தருவது ஒளியும் நிறமும் மட்டுமே. தூரத்தைக்கூட நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும் உணர்வு, உருவம் மங்குவது, கண்ணில் ஏற்படும் சிரமம் ஆகியவற்றைக் கையால் தொட்ட அனுபவத்தோடு திரும்பத் திரும்ப இணைத்துத்தான் தூரத்தைக் கற்கிறோம். கண்கள் கோணக் கணக்குப் போட்டுத் தூரத்தை அறிகின்றன என்ற அன்றைய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. அந்தக் கோடுகளையும் கோணங்களையும் யாரும் பார்ப்பதில்லையே என்று கேட்டார். புதிதாகப் பார்வை பெற்றவருக்குச் சூரியனும் நட்சத்திரங்களும்கூடத் தன் கண்ணுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும் என்றும் சொன்னார்.

எதிர் முகாமில் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் முடியும் என்றார், ஒரு நிபந்தனையோடு. எதிரே இருப்பவை அந்த உருண்டையும் கனசதுரமும்தான் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். உருண்டையில் தனித்து நிற்கும் புள்ளி எதுவும் இல்லை. கனசதுரத்துக்கு எட்டு முனைகள். பார்வை பெற்றவர் இதை யோசித்தே கண்டுபிடித்துவிடலாம். பார்வையற்றவரும், கையைப் பயன்படுத்தவே முடியாதவரும் ஒரே வடிவியலைக் கற்க முடிகிறதல்லவா என்பது லைப்னிட்ஸின் வாதம். எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது.

சரி, பரிசோதித்துப் பார்க்க வேண்டியதுதானே? 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சுமார் 13 வயதுச் சிறுவனுக்குக் கண்புரை அறுவை செய்த விவரத்தை வெளியிட்டார். பார்த்த பொருள்கள் எல்லாம் தன் கண்ணைத் தொடுவதாகச் சிறுவன் சொன்னான். எது பூனை, எது நாய் என்று அடிக்கடி மறந்துபோனது, கேட்கவும் வெட்கம். ஒருநாள் தடவிப் பார்த்துப் பூனையைப் பிடித்து, அதையே உற்றுப் பார்த்துவிட்டு, இனி உன்னை எனக்குத் தெரியும் என்றான். ஓவியங்களில் இருப்பவை திடப்பொருள்களின் தோற்றம் என்று புரியச் சுமார் இரண்டு மாதம் ஆனது. புரிந்த பிறகு தொட்டுப் பார்த்தால் தட்டையாக இருந்தது. பொய் சொல்வது கண்ணா, கையா என்று கேட்டான்.

பெர்க்லிக்கு வெற்றி என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அவ்வளவு அவசரம் கூடாது. உருண்டை, கனசதுரச் சோதனையை யாரும் அந்தச் சிறுவனுக்கு வைக்கவில்லை. அப்போதுதான் திறந்த கண் எதையும் தெளிவாகக் காட்டுமா என்பதும் கேள்வி. 1749-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிதெரோ இந்தச் சிக்கல்களைப் பார்த்தார். கண் ஆறுவதற்கு நேரம் கொடுங்கள் என்றார். உருண்டைக்கும் கனசதுரத்துக்கும் பதிலாக வட்டத்தையும் சதுரத்தையும் வைத்துக் கேட்கலாம் என்றார்.

இடையில் ஹியூம், பழக்கத்தால் கருத்துகள் ஒட்டிக்கொள்கின்றன என்ற இதே யோசனையைக் காரண-காரியத்துக்கே விரித்தார். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து மோதுகிறது, மற்றது நகர்கிறது. இது நடந்தே தீரும் என்ற கட்டாயத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, எதிர்பார்த்துப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

முறையான சோதனை நம் காலத்தில், டெல்லியில் நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா, சிகிச்சை கிடைக்காத பார்வையற்ற குழந்தைகளுக்கு அறுவை செய்யும் பிரகாஷ் திட்டத்தைத் தொடங்கியவர். அவரும் ரிச்சர்ட் ஹெல்டும் மற்றவர்களும் 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 8 முதல் 17 வயதுக்குள் ஐந்து பேர். அறுவைக்குப் பிறகு இரண்டு நாளுக்குள் சோதனை. பொம்மைக் கட்டைகள் போன்ற, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுள்ள வடிவங்கள். தொட்டதைத் தொட்டு அடையாளம் காண்பதிலும், பார்த்ததைப் பார்த்து அடையாளம் காண்பதிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் சரி. தொட்டதைப் பார்த்து அடையாளம் காண்பதில் சுமார் 58 விழுக்காடுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனை என்பதால், குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும்.

லாக்கும் மொலினியூவும் சொன்னது சரி என்று இதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பிறகும் சோதிக்க முடிந்தவர்கள், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலே, சில நாட்களிலேயே நன்றாக முன்னேறியிருந்தார்கள். பெர்க்லி சொன்னதுபோலக் கண்ணுக்கும் கைக்கும் ஒட்டே இல்லை என்றால், ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகச் சேர்த்துப் படிக்க இவ்வளவு சின்ன அவகாசம் போதுமா? இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு மூளையில் முன்பே இருந்து, சிறு அனுபவம் கிடைத்ததும் வேலைசெய்யத் தொடங்குகிறதா? அல்லது அந்த நாட்களில் தேறியது இணைப்பல்ல, முப்பரிமாணத்தைப் பார்க்கும் திறன்தானா? ஒரு திடப்பொருளை அதே கோணத்தில் இன்னொரு முறை காட்டினால், அதன் ஆழம் தெரியாமலே படத்தை வைத்துப் பொருத்திவிடலாம். ஆகவே பார்த்ததைப் பார்த்துச் சரியாகச் சொன்னது முழுச் சான்றாகாது என்று சில தத்துவ ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தட்டையான, மேடிட்ட கோட்டு உருவங்களைத் தடவக் கொடுத்து, அவற்றையே கண்ணுக்கும் காட்டிச் சோதித்தால் இந்தச் சந்தேகம் விலகும் என்பது அவர்களிடமிருந்து வந்த ஒரு யோசனை. டிதெரோ கேட்ட வட்டமும் சதுரமும் இதுதான்.