ஸ்லைடு: நழுவமா, சில்லா, வில்லையா?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் இரண்டு சொற்கள் காதில் விழும். "சார், பிபிடியை குரூப்புல போட்டுடுங்க." "மேடம், முந்தின ஸ்லைடுக்குப் போங்க." முழுக் கோப்பு பிபிடி, அதில் ஒரு பக்கம் ஸ்லைடு. பிபிடி என்பது பழைய பவர்பாயிண்ட் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மூன்று எழுத்து (ppt), அவ்வளவுதான். அதற்குத் தமிழ் தேடி மெனக்கெட வேண்டாம். ஸ்லைடுதான் கதையுள்ள சொல்.

ஆங்கிலத்தில் அதற்கு வழுக்குதல், நழுவுதல் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மாய விளக்கு என்றொரு கருவி வந்தது. கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளிக்கு முன்னால் ஒரு காடியில் நழுவவிட்டால், சுவரில் அது பெரிதாகத் தெரியும். நழுவும் செயலின் பெயர் நாளடைவில் நழுவிய கண்ணாடிக்கே ஆகிவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்குத் தொழிலாகுபெயர் என்று பெயர். 'வற்றல் தின்றான்' என்கிறோமே, அதே கணக்கு.

கண்ணாடிக்குப் பிறகு, அட்டைச் சட்டத்தில் பொருத்திய 35 மி.மீ. படச்சுருள் துண்டு வந்தது. நம்மூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லைப் பழக்கியது கல்லூரி இல்லை, சினிமாக் கொட்டகை. இடைவேளையில் நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நிற்கும். "ஸ்லைடு போட்டுட்டான்" என்றால் முறுக்கு வாங்கப் போனவர்கள் திரும்பி ஓடிவருவார்கள். 1987இல் பவர்பாயிண்ட் முதலில் மேக்கின்டாஷ் கணினிக்கு வெளியானது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. தொடக்கத்தில் அது ஓவர்ஹெட் புரொஜக்டரில் வைக்கும் கண்ணாடித்தாள்களையும் படச்சுருள் ஸ்லைடுகளையும் தயாரிக்க உதவிய மென்பொருள்தான். கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜக்டர் தயாரிப்பதை 2004இல் நிறுத்திவிட்டது. இன்று எதுவும் எங்கும் நழுவுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? உயிரியல் பாடநூல்களில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் துண்டை நழுவம் என்பார்கள். நேர்ப்பொருள்தான், ஆனால் ஆய்வகத்தை விட்டு அது வெளியே வரவில்லை. தமிழ்நாட்டின் கணினிப் பாடநூல் சில்லு என்கிறது. கணினிக்குள் இருக்கும் சிப்புக்கும் அதே சில்லுதான் என்பது ஒரு சிக்கல். தெருவில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் பிள்ளைகள் வீசுவதும் சில்லுதான், உடைந்த ஓட்டுத்துண்டு. யோசித்து யோசித்துச் செய்த ஒரு பாடப்பக்கத்துக்கு உடைசலின் பெயரை வைப்பானேன் என்று எனக்குத் தோன்றும்.

மிச்சம் வில்லை. கற்பூர வில்லை, மருந்து வில்லை, நீதிமன்றக் கட்டண வில்லை எல்லாமே தட்டையாக, சிறியதாக, ஒரு தடவைக்கு ஒன்று என்ற அளவில் இருப்பவை. லென்ஸையும் வில்லை என்பதால் குழப்பம் வரலாம். படவில்லை என்றால் தீர்ந்தது. என் ஓட்டு இதற்குத்தான். பேச்சில் ஸ்லைடு இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் படவில்லை நன்றாகவே உட்காருகிறது. முழுத் தொகுப்பை அளிக்கை எனலாம், நிகழ்த்துதல் என்றும் எழுதுகிறார்கள்.

ஒரு தடவைக்கு ஒன்று என்ற அந்த அளவுதான் வகுப்பில் தப்பிப்போகிறது. காவிரிப் பாசனம் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு 'காவிரி நீர்ப்பாசனம்'. கீழே பத்துப் புள்ளிகள். மேட்டூர் அணை 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஜூன் 12 திறப்பு, குறுவை, சம்பா, தாளடி எல்லாம் ஒரே பக்கத்தில். ஆசிரியர் திரையைப் பார்த்து வாசிக்கிறார், மாணவர் செல்போனில் படம் பிடிக்கிறார். திரையில் உள்ளதையே வரிக்கு வரி வாசித்தால், கண்ணும் காதும் ஒரே சொற்களோடு மல்லுக்கட்டிக் கற்றல் குறைகிறது. உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தம் ஆய்வுகளில் கண்டது இது.

அதே பாடத்தில் தலைப்பை முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: 'கல்லணையில் காவிரி நான்காகப் பிரிகிறது'. கீழே ஒரே ஒரு கோட்டுப்படம்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். (கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூரில் புது ஆறு என்றால்தான் தெரியும், அதையும் எழுதிவிடலாம்.) மற்றதை வாயால் சொல்லலாம். மேட்டூர்க் கணக்குக்கு வேறொரு வில்லை. தேர்வுக்குப் படிக்க வேண்டிய விவரமெல்லாம் குறிப்புத்தாளில் தனியாகப் போகட்டும். வில்லையையே குறிப்புத்தாளாக்கினால் இரண்டும் கெடும்.

தமிழில் செய்யும்போது வேறு சில தொல்லைகளும் உண்டு. நம் சொற்கள் நீளம். 'நீர்ப்பாசனக் கட்டமைப்பு' ஒன்றே பாதி வரியைத் தின்றுவிடும். இகர, உகரக் குறிகள் மேலும் கீழும் இடம் கேட்பதால் வரிகளை நெருக்கினால் இகரம் போய் மேல்வரியில் இடிக்கும். கடைசி பெஞ்சில் ஒற்றுப்புள்ளி தெரிகிறதா என்று பார்த்து எழுத்தளவை வைக்கலாம். ஜன்னல் வெளிச்சம் வரும் அறையில் வெள்ளையில் மஞ்சள் எழுத்து காணாமலே போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம் பழைய பாமினி வகை எழுத்துரு. வீட்டுக் கணினியில் அழகாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் எழுதி, பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொண்டால் அந்தக் கூத்து இல்லை.