அரிய நோய்க்கு 50 லட்சம்: கூடவே இன்னொரு நோயும் இருந்தால்?

"பிள்ளைக்கு நோய் ரெண்டு இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒண்ணு போதுமா அண்ணாச்சி?" பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) களக்காட்டிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வரும் ஒரு குடும்பம் இப்படிக் கேட்டால், பதில்: போதாது. ஒரு நோய் பிறவியிலேயே வந்த வளர்சிதை மாற்றக் கோளாறு, இன்னொன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய் என்றால், அரசு உதவிக்குப் போகும் வழியும் இரண்டு: முதலாவதற்கு மத்திய அரசின் அரிய நோய்த் திட்டம் தரும் 50 லட்சம் ரூபாய் வரையிலான உதவி, இரண்டாவதற்கு முதலமைச்சர் காப்பீடு. இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பினால் இரண்டுமே இழுத்தடிக்கும்.

அரிய வளர்சிதை மாற்றக் கோளாறுக்கு உதாரணமாகக் காஷர் (Gaucher) நோயை எடுத்துக்கொள்வோம். உடம்பில் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க வேண்டிய என்சைம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்ந்துகொண்டே போகும். வயிறு உப்பும், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையும், எலும்பு வலிக்கும். பிளேட்லெட் குறைவதற்கு ஆட்டோ இம்யூன் நோயும் காரணமாக இருக்கலாம். அதனால் காஷர் இருக்கும் பிள்ளைக்கு ஆட்டோ இம்யூன் என்றே முடிவுகட்டி வருடக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதும் நடக்கிறது. காஷர் உள்ளவர்களின் ரத்தத்தில் தன் உடம்புக்கு எதிரான ஆன்டிபாடிகள் மற்றவர்களைவிட அதிகம் தென்படுவதால் குழப்பம் கூடுகிறது. சிலருக்கு இரண்டு நோயும் நிஜமாகவே இருக்கும். அப்புறம், பிளேட்லெட் ஏறவில்லையே என்று மண்ணீரலை எடுத்துவிட்டால் காஷர் நோயாளிக்கு எலும்புப் பாதிப்பு மோசமாகக்கூடும். ஆகவே மண்ணீரல் பெரிதாக இருக்கும் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்று பேச்சு எழுந்தால், என்சைம் சோதனை செய்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.

அரசு உதவியும் இந்தச் சோதனையிலிருந்துதான் தொடங்குகிறது. ரத்தத்தில் என்சைம் அளவு, அதன்பின் மரபணுச் சோதனை. 'காஷர் இருக்கலாம்' என்று சீட்டில் எழுதியிருந்தால் போதாது. நோயின் பெயரும் அதன் வகையும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காஷரில் வகை 1-ம், மூளை நரம்புப் பாதிப்பு பெரிதாக இல்லாத வகை 3-ம்தான் என்சைம் மருந்துக்கான பட்டியலில் உள்ளன.

அந்தப் பட்டியல் மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையில் இருக்கிறது. நோய்களை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். மஜ்ஜை மாற்றம், கல்லீரல் மாற்றம் போன்ற ஒரே தடவைச் சிகிச்சையில் தீரக்கூடியவை முதல் குழு. தனி உணவுப் பால்பொடியோ, ஒப்பீட்டளவில் விலை குறைந்த மருந்தோ நெடுநாள் தேவைப்படுபவை இரண்டாம் குழு. பீனைல்கீட்டோன்யூரியா (புரதத்தில் உள்ள ஒரு பொருளைச் சிதைக்க முடியாத நோய்), யூரியா சுழற்சிக் கோளாறு (அம்மோனியாவை உடம்பு கழிக்க முடியாத நோய்) எல்லாம் இதில் வரும். மருந்து உண்டு, ஆனால் விலை மலைக்க வைக்கும், ஆயுள் முழுக்க வேண்டும் என்பவை மூன்றாம் குழு. காஷர், பாம்ப்பே (Pompe), ஃபேப்ரி (Fabry) நோய்கள் இங்கே. முதலில் 20 லட்சம் ரூபாய், அதுவும் முதல் குழுவுக்கு மட்டும் என்றிருந்தது. 2022 மே மாதம் எந்தக் குழுவானாலும் 50 லட்சம் வரை என்று மாற்றினார்கள். லூபஸ், தைராய்டு ஆட்டோ இம்யூன் நோய், டைப் 1 சர்க்கரை போன்ற ஆட்டோ இம்யூன் நோய்கள் இதில் சேராது.

பணம் உங்கள் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வராது; சிகிச்சை தரும் உயர் சிறப்பு மையத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் போய்விடலாம். திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் இப்படிப்பட்ட மையம்தான். நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்களுக்குத் தூரம் குறைவு. கேரள அரசு தன் மக்களுக்குத் தரும் சலுகைகளை அங்கே எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் கேட்பது மத்தியத் திட்டம். மையத்தில் பதிவு செய்தால் அங்குள்ள மருத்துவக் குழு பரிசோதித்து, தகுதி இருந்தால் நிதிக்கு எழுதும். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து பரிந்துரைக் கடிதமும் பழைய ரிப்போர்ட்டுகளும் எடுத்துப் போனால் அலைச்சல் குறையும்.

இந்த 50 லட்சம் ஆண்டுதோறும் கிடைப்பதில்லை. ஒரு நோயாளிக்கு மொத்தமே அவ்வளவுதான். காஷருக்கான என்சைமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும், அளவு உடல் எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். பணம் தீர்ந்த பிறகு என்ன வழி என்பதற்குக் கொள்கையில் உருப்படியான பதில் இல்லை. நன்கொடை திரட்ட ஒரு இணையதளம் வைத்திருக்கிறார்கள், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உச்சவரம்பை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆகவே மருந்து தொடங்கும் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தத் தொகை பிள்ளையின் எடைக்கு எத்தனை மாதம் வரும்? ஒவ்வொரு தடவையும் மையத்துக்கே வர வேண்டுமா, நெல்லையிலேயே ஏற்ற ஏற்பாடு செய்ய முடியுமா?

சரி, ஆட்டோ இம்யூன் நோய்க்கு? இங்கேதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டைக்குப் பதியலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ள மாட்டார்கள். ஆனால் இது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குத்தான். மாதாந்திர ஸ்டீராய்டு, தைராய்டு மாத்திரை, இன்சுலின் போன்றவற்றை அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்தாலும் ஒரு கடிதம் பொதுவாக இருக்கட்டும். எந்த நோய்க்கு என்ன மருந்து, எதைக் கொடுக்கக் கூடாது என்று மைய மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டது. யூரியா சுழற்சிக் கோளாறு உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தத்தில் அம்மோனியா ஏறும் ஆபத்து உண்டு. நடுராத்திரி அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு அது தெரிய அந்தக் கடிதத்தை விட்டால் வழியில்லை.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றியும் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் காஷரும் இல்லை, லூபஸும் இல்லை. ஆனால் காஷரும் சரி, நெடுநாள் ஸ்டீராய்டும் சரி, இடுப்பு மூட்டெலும்பை நைய வைக்கும். நடை கெட்டுப்போய் அந்த இயக்கக் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு சான்று தந்தால் சலுகைகளைக் கேட்கலாம். நோயின் பெயரைச் சொல்லாமல் குறைபாட்டைச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

பிள்ளைக்கான மருந்தையோ சிறப்பு உணவையோ வெளிநாட்டிலிருந்து சொந்தச் செலவில் வரவழைப்பவர்களுக்கு இன்னொன்று: கொள்கையில் உள்ள நோய் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி முழுவதும் தள்ளுபடி. மாநில சுகாதார சேவை இயக்குநரிடமோ மாவட்ட மருத்துவ அலுவலரிடமோ சான்று வாங்க வேண்டும். பார்சல் வந்து விமான நிலையத்தில் நின்ற பிறகு ஓடாமல், ஆர்டர் போடும்போதே அந்தச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.