கலீஃபாவை மன்னர் ஆக்கலாமா?

இரண்டாம் கலீஃபா உமரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் "மாமன்னர் உமர்" என்றே தொடங்குகிறார்கள். மேடைப் பேச்சிலும் அதுவே, காணொளித் தலைப்பிலும் அதுவே. பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதுவாக ஆகிவிடக் கூடாது என்று அவர் அஞ்சினாரோ, அந்தப் பெயரையே அவருக்குச் சூட்டுகிறார்கள்.

கலீஃபா அரபுச் சொல். ஒருவருக்குப் பின் வருதல், அவர் விட்டுச் சென்ற இடத்தில் நிற்றல் என்பது அதன் வேர்ப்பொருள். 632இல் நபிகள் மறைந்தபின் பொறுப்பேற்ற அபூபக்ரை 'இறைத்தூதரின் கலீஃபா' என்றார்கள். 'இறைவனின் கலீஃபா' என்று ஒருவர் அழைத்தபோது அவர் அதை ஏற்கவில்லை என்று ஓர் அறிவிப்பு உண்டு. 634இல் வந்த உமரைக் 'கலீஃபாவின் கலீஃபா' என்று நீட்டிச் சொல்ல வேண்டியிருந்ததால், 'அமீருல் முஃமினீன்', அதாவது நம்பிக்கையாளர்களின் தலைவர், என்ற பெயர் நிலைத்தது. மன்னருக்கு அரபியில் 'மலிக்' என்ற சொல் இருந்தது. அதை அவர்கள் தொடவில்லை.

தமிழில் மன்னர் என்றதும் குடையும் முரசும் குலமும் பட்டத்து இளவரசனும் கூடவே வந்துவிடுகின்றன. உமரிடம் இவற்றில் எது இருந்தது? 644இல் குத்துப்பட்டுக் கிடந்தபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார். தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனை சொல்லலாம், பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இராக்கின் செழிப்பான ஸவாத் நிலங்கள் கைக்கு வந்தபோது, வென்ற படையினர் பங்கு கேட்டார்கள். பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு, நிலத்தைப் பழைய உழவர்களிடமே விட்டு, வரியைப் பொதுவுக்கு ஆக்கினார். திவான் என்ற பதிவேட்டில் பெயர் எழுதி உதவித்தொகை வழங்கினார். ஆளுநர்களின் சொத்தையும் கணக்கெடுத்தார். "நான் கலீஃபாவா, மன்னனா?" என்று அவர் கேட்டதாகவும், மக்கள் பணத்தில் ஒரு திர்ஹத்தை முறையின்றி எடுத்தாலும் நீங்கள் மன்னர்தான் என்று நபித்தோழர் ஸல்மான் பதில் சொன்னதாகவும் பழைய அறிவிப்பு கூறுகிறது. இதைப் படித்த பிறகும் எப்படி மாமன்னர் என்று எழுத முடிகிறது?

661இல் ஆட்சிக்கு வந்த முஆவியா, தம் மகன் யஸீதுக்காக முன்கூட்டியே உறுதிமொழி வாங்கினார். 680இல் யஸீத் ஆட்சியேற்றார். 'கிலாஃபத்' என்ற கலீஃபா ஆட்சி போய் 'முல்க்' என்ற மன்னராட்சி வந்தது என்று முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பது இந்தத் திருப்பத்தைத்தான். உமரையே மன்னர் என்று எழுதிவிட்டவர், இந்த மாற்றத்தை எந்தச் சொல்லால் சொல்வார்?

கலீஃபாவை 'நபியின் வாரிசு' என்பது இன்னும் மோசம். வாரிசு என்பதும் அரபிலிருந்து வந்ததுதான். சொத்துரிமை பெறுபவர் என்று பொருள். நபிமார்களின் சொத்துக்கு வாரிசுரிமை இல்லை என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னவரே அபூபக்ர்தான். 'பிரதிநிதி' என்பது, முதல் மனிதர் ஆதமைப் பூமியில் கலீஃபாவாக ஆக்குவது பற்றிய குர்ஆன் வசனத்துக்கு ஓரளவு பொருந்தும். ஆட்சிப் பெயராக வைத்தால், நபித்துவத்துக்கே பதிலாள் என்று படுகிறது.

என் பரிந்துரை இதுதான்: பட்டப்பெயராகக் கலீஃபா என்றே எழுதலாம். அது தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு பழகிய சொல். தரீக்கா எனப்படும் சூஃபி நெறிகளில் ஷெய்கு, அதாவது குரு, தம் இடத்தில் நியமிப்பவரை இன்றும் கலீஃபா என்கிறார்கள், மூலப்பொருள் அங்கே கெடாமல் இருக்கிறது. தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் 'பின்பொறுப்பாளர்' எனலாம். பின் வந்ததும் பொறுப்பேற்றதும் இரண்டும் அதில் உண்டு.

ஆங்கில நூலைப் பெயர்ப்பவர்கள் ஆள்பவர் எவரைக் கண்டாலும் மன்னர் என்று போட்டுவிடுகிறார்கள். தலைவர், ஆளுநர், ஆட்சியாளர் என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! எந்தச் சொல் பொருந்தும் என்று யோசிக்க அவர்கள் நேரம் ஒதுக்குவதே இல்லை.